கைச்சக்கரம்

லிப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுபோனபோது மெக்கானிக் கீழே மரப் பெஞ்சில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தான். உள்ளே மாட்டிக்கொண்டவர், அவனை விசாரணைக்கு அழைத்திருந்த அதே அதிகாரி.

கம்பெனிகளுக்கு மட்டும் தரும் உரிமம் இல்லாதவன் லிப்ட் இயந்திரத்தைத் தொட்டால் அபராதம், ஜெயில் என்று சட்டம் வந்து ஒரு வருடம். இருபது வருடமாக அவன் பார்த்துவந்த பதினெட்டுக் கட்டடங்களையும் ஒரே கம்பெனி வாரிச் சுருட்டிக்கொண்டது. அந்தச் சட்டத்தால் தொழிலில் போட்டி குறைந்ததா என்று ஆராயத்தான் அதிகாரி வந்திருந்தார். குறைந்ததென்று அவர் எழுதினால் சட்டம் தளர்ந்து இவனுக்கும் உரிமம் கிடைக்கும்.

வாட்ச்மேன் ஓடிவந்து, மொட்டை மாடி மெஷின் அறைக்குப் போய்ச் சக்கரத்தைக் கையால் சுற்றி லிப்டை இறக்கும்படி கெஞ்சினான்.

"நான் தொட்டா குத்தம். கம்பெனிக்குப் போன் போடு. மெதுவா வரட்டும்."

சொன்னபோதே வயிறு குளிர்ந்தது. மேலே கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. தட்டட்டும். ஒரு வருடமாக அவன் ஏறி இறங்கிய ஆபீஸ்களில் எந்தக் கதவு திறந்தது? கால்மேல் கால் போட்டுக்கொண்டான்.

ஒரு மணி நேரம் கழித்து கம்பெனி ஆள் சலவைச் சீருடையில் வந்தான். மாடிக்குப் போனவன் முகம் தொங்கிப்போய் இறங்கினான்.

"பழைய மெஷின்ணே. பிரேக் எப்படி எடுக்கறதுன்னு பிடிபடல. கொஞ்சம் வாங்க."

"தெரியாதவனுக்குத்தான் உரிமமா?"

அவன் அசையவில்லை. அதிகாரி நாளை வரை உள்ளேயே கிடந்தாலும் அவனுக்குச் சம்மதம். அப்போது வாட்ச்மேன் மறுபடி வந்தான்.

"உள்ள கூட்டுற அக்காவும் இருக்குண்ணே. மூச்சு வாங்குதாம், சார் கத்துறாரு."

பாவிகளா என்று திட்டிக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவினான். மெயினை அணைத்து, ஒரு கையால் பிரேக்கை விடுவித்து, மறுகையால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினான்.

அவன் இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்தபோது அந்த அக்கா படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அதிகாரி முகத்தைத் துடைத்தபடி, யார் இறக்கியது என்று கேட்டார். வாட்ச்மேன் வாயைத் திறந்தான். மெக்கானிக் அவனை முறைத்தான். உண்மை வெளியே வந்தால் ஜெயில்.

"நான்தான் சார்," என்றான் பின்னாலேயே இறங்கி வந்த கம்பெனி ஆள்.

அவனுடைய சுத்தமான கையை அதிகாரி இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். மெக்கானிக் பக்கம் தலையை ஆட்டி, "இந்த ஆளு கீழயே இருந்தும் வரலையாமே. நீங்க வராட்டி எங்க கதி?"

அங்கேயே விசாரணைக் கோப்பைத் திறந்து, கம்பெனியின் சேவை என்ற கேள்விக்கு நேரே 'மிகத் திருப்தி' என்று எழுதினார். மெக்கானிக் கிரீஸ் அப்பிய இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றான்.