பிளிமத்தின் முன் சீட்டு

வலியசாலை அக்ரஹாரத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் விஜயலக்ஷ்மிக்குக் காது புளித்துப்போன வழக்கு ஒன்று உண்டு. செவர்லே உசத்தியா, பிளிமத் உசத்தியா? அவள் புருஷன் ராமசுப்ரமணியனிடம் இருப்பது அப்பா விட்டுப்போன ஐம்பத்தொன்றாம் வருஷத்துச் செவர்லே கார். எதிர்வீட்டு ஆனந்தகிருஷ்ணனிடம் அதே வருஷத்துப் பிளிமத். இரண்டும் அமெரிக்காவில் குடும்பஸ்தர்கள் பிள்ளைகுட்டிகளை ஏற்றிக்கொண்டு போன சாதாரண வண்டிகள்தான். இவர்கள் பேசுவதைக் கேட்டால் சுவாமி வாகனமோ என்று தோன்றும்.

"வால்வு மேலே இருக்கற எஞ்சினாக்கும் என்னோடது. உன்னோடது வண்டியாடா? அலமாரி!" என்பார் இவர்.

"உன் வண்டிக் கூரை பின்னால சரியறது பார், முதுகு ஒடிஞ்ச எருமையாட்டம்" என்பார் அவர்.

மூன்றாமவர் யாராவது போர்டு கார் என்று வாயெடுத்தால் மட்டும் இருவரும் ஒரே கட்சி. பிளிமத்துக்கு வக்காலத்து வாங்க ஆனந்தகிருஷ்ணனின் மனைவி கோமதியும் வாசலுக்கு வந்துவிடுவாள். "எங்க வண்டியில நாற்காலியில உக்காந்தாப்பல இருக்கும். ஒரு தடவையாவது ஒத்துக்கோங்கோளேன்" என்பாள். ராமசுப்ரமணியன் ஒத்துக்கொண்டதே இல்லை.

கோமதி காலமாகி மூன்று வருஷமாகிறது. அதோடு வழக்கும் ஓய்ந்தது. ஆனந்தகிருஷ்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியைத் துடைத்து, தனியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மூடிவைப்பார். முன் சீட்டில் யாரையும் ஏற்றுவதில்லை. யாராவது கதவில் கை வைத்தால், "பின்னால உக்காருங்கோ" என்று சொல்லிவிடுவார்.

இந்த ஆவணியில் விஜயலக்ஷ்மி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பில் புது மூட்டு வைத்தார்கள். தாழ்வான எதிலும் உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்த நேரம் பார்த்து மகள் ஜானவிக்குக் கவடியாரில் மாப்பிள்ளை வீட்டில் சீமந்தம், வளைகாப்பு. ஒரே பெண், எத்தனையோ வருஷம் ஏங்கி உண்டாகியிருக்கிறாள். பெற்றவள் போகாமல் இருக்க முடியுமா?

"நம்ம வண்டி இருக்கே, என்ன பயம்?" என்றார் ராமசுப்ரமணியன்.

விசேஷத்தன்று காலையில் செவர்லே சீட்டில் உட்காரப் பார்த்தாள். அது பள்ளமாக அவளை உள்ளே இழுத்தது. இடுப்பில் வலி பளீரென்று வெட்டியது. ஆட்டோ குலுக்கும். உயரமான டாக்ஸியில் ஏறக் காலைத் தூக்க முடியாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு தெருவிலேயே நின்றாள். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

"காலமெல்லாம் வால்வை அளந்தேளே! பெண்டாட்டி உக்கார்ற சீட்டை ஒரு நாள் அளந்தேளா? போங்கோ, வளையலை நீங்களே கொண்டுபோய்ப் போடுங்கோ."

அவர் எதிர்வீட்டைப் பார்த்தார். செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டினார்.

"ஆனந்தா, விஜயத்தை உன் வண்டியில கொண்டுபோகணும்டா. முன் சீட்டுல."

ஆனந்தகிருஷ்ணனின் முகம் மாறியதை இங்கிருந்தே விஜயலக்ஷ்மி பார்த்தாள். யாருடைய இடத்தைக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? "சிரமம்னா வேண்டாம்" என்று குரல் கொடுத்தாள். அவர் உள்ளே போய்ச் சாவியோடு வந்தார். உறையை உருவினார். முன் கதவைத் தானே திறந்து, தூசியே இல்லாத சீட்டைத் தோள்துண்டால் துடைத்தார்.

"வாங்கோ மன்னி."

சீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. வலிக்கவே இல்லை. கோமதி பொய் சொல்லவில்லை.

ராமசுப்ரமணியன் வளையல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். தம்பானூர், பாளையம் எல்லாம் தாண்டியாயிற்று. வெள்ளயம்பலம் சிக்னலில் வண்டி நின்றது. பின்னாலிருந்து ஒரு கனைப்புக் கேட்டது.

"நாற்காலி மாதிரிதான்டா இருக்கு. ஒத்துக்கறேன்."

ஆனந்தகிருஷ்ணன் திரும்பவில்லை.

"கொஞ்சம் உரக்கச் சொல்லேன்டா. அவ கேக்கட்டும்."

"கோமதி! உங்க வண்டிதான் உசத்தி!" என்று ராமசுப்ரமணியன் கத்தினார். பக்கத்து பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.