அந்த வியாழக்கிழமைத் தேதி

1

வாங்க, எல்லாரும் எப்படி இருக்கீங்க? போன தடவை முட்டி வலின்னு எழுதினவங்களுக்கு இப்ப தேவலையா? என் முட்டி பரவாயில்ல, கழுத்துதான் பிடிச்சுக்கிச்சு. குனிஞ்சு குனிஞ்சு போன்லயே தட்டுறேன்ல, அதான்.

ஒரு கதை எழுதப்போறேன். எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்லயே சொல்லிடறேன்: என் மருமகள்கிட்டேருந்து. ஏழெட்டு நாட்டுல கிளை வச்சிருக்கிற கம்பெனியில வேலை பாக்கறா. அங்க தண்ணி பம்ப் செய்றாங்க. இவ பம்பைத் தொட்டதே கிடையாது. வெளிநாட்டு நாணயம் ஏறி இறங்கி கம்பெனியைக் கவுத்துடாம பாத்துக்கறதுதான் இவ வேலை.

"எழுதிக்கோங்க அத்தை. பேரு மட்டும் போடாதீங்க"ன்னுட்டா. அதனால இதுல யாருக்கும் பேரு கிடையாது. எனக்கும் சௌகரியம், பேரு யோசிக்கிற வேலை மிச்சம்.

2

முதல் தொடக்கம் இது. கதைன்னா அச்சுல வர்ற தமிழ்ல இருக்கணும்னு நல்லா இழுத்துப் பிடிச்சு எழுதினேன்:

அலுவலகம் மூன்றாம் மாடியிலிருந்து ஏழாம் மாடிக்கு மாறிக்கொண்டிருந்தது. கணினிகளின் வயர்களைப் பிடுங்கிச் சுருட்டியிருந்தார்கள். மேசை ஏற்கெனவே லிஃப்டில் போய்விட்டதால் அவள் ஓர் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கைப்பேசியில் வங்கிக்காரர் விலை சொன்னார். "சரி சார், அந்த ரேட்டுக்கே முடிச்சுக்கோங்க" என்றாள். பெட்டியைத் தூக்க வந்தவர், "எந்திரிங்கம்மா, உங்களையும் சேத்துத் தூக்க முடியாது" என்றார். அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். தன் வாழ்க்கையையே புரட்டிப்போடப்போகும் தவறு அந்த நிமிடத்தில்தான்...

[நிறுத்திட்டேன். அந்த நிமிஷத்துல அவளுக்கு ஒண்ணும் புரளல. நல்ல விலைக்கு முடிச்சோம்னு சந்தோஷமாத்தான் இருந்திருக்கா. பின்னாடி நடந்தது எனக்குத் தெரியும்கறதால முன்னாடி கொண்டுபோய்ச் செருகப் பாக்கறேன். வரியை அழிக்கல, அப்படியே கிடக்கட்டும்.]

3

என்ன முடிச்சான்னு நீங்க கேப்பீங்க. நானும் கேட்டேன்.

"வெளிநாட்டுலேருந்து ஒரு மெஷின் வாங்கறோம் அத்தை. ஆறு மாசம் கழிச்சு அவங்க நாணயத்துல காசு குடுக்கணும். அதுக்குள்ள அந்த நாணயம் விலை ஏறிட்டா?"

"ஏறினா கையைக் கடிக்கும்."

"அதனால, ஆறு மாசம் கழிச்சு எந்த விலைக்கு வாங்குவோம்னு இன்னைக்கே வங்கிகூடப் பேசி வச்சுக்கறோம். இதுக்குப் பேருதான் ஹெட்ஜ்."

"ஏறாம இறங்கிட்டா?"

"பேசின விலைதான். ஐயோ போச்சேன்னு அழக் கூடாது. ராத்திரி தூங்கறதுக்குக் குடுக்கற காசு அது."

இதுவரைக்கும் எனக்குப் புரிஞ்சுது. இன்னொண்ணும் இருக்காம். பேசின அன்னைக்கே ஒரு பேப்பர் எழுதணும். இந்த ஒப்பந்தம் இந்த மெஷினுக்குப் பாதுகாப்புன்னு. அந்தப் பேப்பர் இருந்தா, நடுவுல வர்ற ஏற்ற இறக்கத்தைத் தனியா ஒதுக்கி வச்சு, மெஷின் வந்ததும் அது விலையோட சேத்துக்கலாம். பேப்பர் இல்லேன்னா, நடுவுல வந்த நஷ்டமெல்லாம் நேரா இந்தக் காலாண்டு லாபத்துலதான் விழும்.

"அன்னைக்கே எதுக்கு எழுதணும்? மறுவாரம் எழுதினா ஆகாதா?"

"எழுதினா, எழுதின நாள்லேருந்துதான் செல்லும். இல்லேன்னா எல்லாரும் காத்திருந்து பாப்பாங்களே. லாபம் வந்தா 'என் சாமர்த்தியம்', நஷ்டம் வந்தா 'அது பாதுகாப்புக்குப் போட்டது'ன்னு."

உங்களுக்கு இதுக்குள்ள புரிஞ்சிருக்கும். விலை பேசி முடிச்ச அந்த வியாழக்கிழமை அவ அந்தப் பேப்பரை எழுதல. மேசை லிஃப்டுல, கம்ப்யூட்டர் பெட்டியில. நாளைக்கு எழுதிக்கலாம்னு விட்டுட்டா. மறுநாள் வேற வேலை. அப்புறம் மறந்தே போச்சு.

4

காலாண்டு முடிஞ்சதும் கையில இருக்கற ஒப்பந்தத்துக்கெல்லாம் நியாய மதிப்பு போடணுமாம். அதை எப்படிப் போடுவீங்கன்னு கேட்டேன்.

"இன்னைக்கு இதைச் சம்பந்தமில்லாத ஒருத்தர்கிட்ட கைமாத்தினா என்ன கிடைக்கும்? அதான்."

"நம்ம பழைய பிரிட்ஜுக்கு?"

"அதே மாதிரி பிரிட்ஜ் என்ன விலைக்குப் போகுதுன்னு பாத்துச் சொல்லிடலாம். நீங்க எவ்வளவு ஆசையா வச்சிருக்கீங்கங்கறது கணக்குல வராது."

"சரி, உன் மாமனாருக்கு?"

"அவருக்குச் சந்தையே கிடையாது அத்தை. அவரை மாதிரி வேற உருப்படியும் இல்ல. நாமளா அனுமானம் பண்ணித்தான் போடணும். கணக்குல அதை மூணாவது நிலைம்பாங்க, ஆடிட்டர் ரொம்பக் குடைவாங்க."

உள் ரூம்லேருந்து, "எல்லாம் கேக்குது"ன்னு ஒரு குரல் வந்துச்சு.*

* அவர் இந்தக் கதையில இவ்வளவுதான் வருவார். இன்னும் நிறைய இடம் கேட்டார், குடுக்கல.

அந்த மதிப்பைப் போடறப்பதான் அகப்பட்டுது. நாணயம் சரசரன்னு இறங்கியிருந்துச்சு. மெஷின் மலிவாயிடுச்சு, ஒப்பந்தம் நஷ்டத்துல நிக்குது. ரெண்டையும் சேத்துப் பாத்தா கம்பெனிக்கு ஒண்ணும் ஆகல, பேசின விலைக்குத்தான் மெஷின் வரப்போகுது. ஆனா பேப்பர் இல்ல. நஷ்டம் மட்டும் தனியா, அம்மணமா, கணக்குல நிக்கும்.

5

நிதித் தலைவர் நெற்றியில் ஒரு கண்ணாடியும் மூக்கில் ஒரு கண்ணாடியும் வைத்திருப்பவர். கதவைச் சாத்தினார்.

"உக்காரும்மா. அந்த ஒப்பந்தத்தை எதுக்குப் போட்ட?"

"மெஷினுக்கு சார்."

"அன்னைக்கும் மெஷினுக்குத்தானே?"

"ஆமா சார்."

"அப்ப இதுல பொய் எங்க இருக்கு? அன்னைக்கு மனசுல இருந்ததை இன்னைக்கு எழுதற. வியாழக்கிழமைத் தேதி போடு. நீ ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து."

"ஆடிட்டர்?"

"பேப்பர் எங்கன்னு கேப்பாங்க. பேப்பருக்கு என்ன வயசுன்னு கேக்க மாட்டாங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

"இல்லேன்னா இந்தக் காலாண்டு நஷ்டம். ஏழாம் மாடி முழுக்க போனஸ் கிடையாது. யாராலன்னு கேப்பாங்க. நான் சொல்ல மாட்டேன். ஆனா தெரிஞ்சுடும்."

அவர் ஒரு நரியைப் போல...

[நரி வேண்டாம். அடுத்தது பாருங்க.]

6

இதை அவகிட்டப் படிச்சுக் காட்டினேன். முகம் சுண்டிப்போச்சு.

"வில்லன் மாதிரி எழுதியிருக்கீங்களே அத்தை. நான் பிரசவத்துக்குப் போனப்ப என் இடத்தை ஒருத்தருக்கும் தராம வச்சிருந்தவர் அவர்."

"அப்ப ஏன் இப்படிப் பேசறார்?"

"என்னைக் காப்பாத்தப் பாக்கறார். கடைசியா என்ன சொன்னார் தெரியுமா? 'உன் வீட்டுக்காரருக்கு இன்னும் வேலை அமையலல்ல? உனக்காகத்தாம்மா சொல்றேன்.'"

நரிக்குப் பதிலா அந்த வரியைச் சேத்துக்கிட்டுப் படிங்க. சேத்ததும் கதை கனத்துப்போச்சு. வில்லன்னா எதுத்துட்டுப் போயிடலாம். நல்ல மனுஷன் சொன்னா?

அவர் சொன்னது நிஜம்தான். என் பையன் வேலை பாத்த இடத்தை மூடிட்டாங்க. இப்ப இந்த வீடு அவ சம்பளத்துலதான் ஓடுது. நான் இந்தப் போன்ல தட்டறதும் அவ கட்டற பில்லுலதான்.

பையன்கிட்ட, "நீ என்னடா சொல்ற?"ன்னு கேட்டேன்.

"நான் என்ன சொன்னாலும் எனக்காகச் சொன்ன மாதிரி ஆயிடும்மா. அவ முடிவு பண்ணட்டும்"ன்னு பாத்திரம் கழுவப் போயிட்டான்.

7

நேத்து ரெண்டு முடிவு எழுதி வச்சேன்.

ஒண்ணு: அவள் உண்மையைச் சொன்னாள். ஆடிட்டர் எழுந்து நின்று கை குலுக்கினார். "உங்களைப் போன்றவர்கள்தான்..."

[இதைப் படிச்சா என் பையனே சிரிப்பான்.]

ரெண்டு: அதே போன்ற ஓர் அட்டைப்பெட்டி. இந்த முறை அதில் அவளுடைய தேநீர்க் கோப்பையும் குழந்தையின் படமும். ஏழாம் மாடியிலிருந்து லிஃப்ட் கீழே...

[கை வரல.]

காலையில அவ பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பறப்ப சொன்னேன்: "ரெண்டு முடிவு வச்சிருக்கேன். நீ வந்து சொன்னதும் எது நடந்துச்சோ அதை வச்சுக்கிட்டு இன்னொண்ணை அழிச்சுடறேன். முதல்லேருந்தே தெரிஞ்ச மாதிரி கதை அழகா இருக்கும்."

ஒரு செருப்பைப் போட்டவ இன்னொண்ணைப் போடாம நின்னா.

"அதைத்தான் அத்தை அவர் என்னைச் செய்யச் சொல்றார்."

"பேப்பர் எழுதிட்டியா?"ன்னு கேட்டேன்.

"எழுதிட்டேன்."

"என்ன தேதி போட்ட?"

"இன்னைக்குத் தேதி. அவரையும் ஆடிட்டரையும் ஒண்ணா உக்கார வச்சு, வியாழக்கிழமை எழுதல, மறந்துட்டேன்னு சொல்லப்போறேன்." இன்னொரு செருப்பையும் மாட்டிக்கிட்டா. "மத்தியானம் வந்துடுவேன். வேலை இருந்தா சாயங்காலம்."

கேட்டுச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

8

இப்ப மத்தியானம் தாண்டிடுச்சு. போன் வரல. அது நல்லதுக்கா கெட்டதுக்கான்னு யோசிக்கறதை விட்டுட்டேன்.

அவ வர்ற வரைக்கும் காத்திருந்து முடிவு எழுதினா இந்தக் கதை நல்லா அமையும். ஆனா அது வியாழக்கிழமைத் தேதி போட்ட மாதிரி. வேலை போயிருந்தா 'பாவம், அவசரப்பட்டுட்டா'ன்னு எழுதுவேன். போகலேன்னா 'எனக்கு அப்பவே தெரியும்'னு எழுதுவேன். என்னை எனக்குத் தெரியும்.

அதனால ஒண்ணுமே தெரியாத இந்த நேரத்துலயே எழுதிடறேன். அவ செஞ்சது சரி. வேலை இருந்தாலும் சரி, போனாலும் சரி. நாளைக்கு நான் மாத்திப் பேசினா, இதைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா காட்டுங்க.

எங்க மாடியில லிஃப்ட் வந்து நிக்குது. சாவி போடற சத்தம் கேக்குது. நான் நிமிர்ந்து பாக்கல, பாத்தா அவ முகத்துலேருந்தே தெரிஞ்சுடும்.

நீங்களும் எழுதி அனுப்புங்க. நீங்க எடுத்த முடிவு ஒண்ணு, எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே இன்னும் தெரியாதது. நடந்து முடிஞ்ச கதை வேண்டாம், அது என்கிட்டயே நிறைய இருக்கு. மேல இன்னைக்குத் தேதியைப் போட்டு எழுதுங்க.