டீ பிரேக்கில் நேரலை

ஸ்டூடியோவில் மைக்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்த வினிதாவுக்கு முனீஸிடமிருந்து போன் வந்தது.

“தங்கச்சி, நாங்க வர முடியாது போலருக்கே. சரக்கு இன்னைக்கே கப்பலுக்குப் போகணுமாம். மேனேஜர் ஒருத்தரையும் வெளிய விடல.”

நிகழ்ச்சிக்கு இன்னும் அரைமணி நேரம்கூட இல்லை.

வினிதா கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கிறாள். கல்லூரியின் சமூக வானொலியில் சனிக்கிழமை மாலைதோறும் வரும் ‘புதுக்குரல்’ அவளுடைய நிகழ்ச்சி. அதில் சினிமாப் பாட்டு கிடையாது. தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டுப் பாடுகிறவர்களுக்குத்தான் இடம். ஆரம்பத்தில் போன் செய்த நேயர்கள் எல்லாரும் சினிமாப் பாட்டையே கேட்டார்கள். “அது எல்லா ஸ்டேஷன்லயும் வருதுங்க, இது இங்க மட்டுந்தானுங்க வரும்” என்று அவளும் சளைக்காமல் சொல்லிவந்தாள். பிறகு ஒருநாள் ‘சாயத்தண்ணி’ குழுவின் பாட்டைப் போட்டாள். அன்றிலிருந்து அதையே மறுபடியும் போடச் சொல்லிக் கேட்கிறார்கள்.

குழு என்றால் மூன்றே பேர். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் முனீஸ் கிடார் வாசிப்பான். அங்கேயே தைக்கும் அனுசுயா பாடுவாள். அயர்ன் டேபிளில் நிற்கும் ஒடிசாக்காரன் பிகாஷ் டோலக் அடிப்பான். முதல்முறையாக அவர்கள் நேரலையில் பாடப்போகிறார்கள் என்று வாரம் முழுக்க அறிவித்தாயிற்று.

வானொலிப் பொறுப்பாளர் நிர்மலா மேடம், “பழைய பதிவு எதையாச்சும் போட்டுக்கலாம். மன்னிப்புக் கேட்டுட்டா நேயர்கள் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க” என்றார்.

“அவங்க வர முடியலைன்னா நாம போலாங்க மேடம். என் போன்ல அங்கிருந்தே பாடவெக்கறேன். குகன் அந்த போன் லைனை ஒலிபரப்பு மிக்சர்ல குடுத்தாப் போதுங்க.”

கருவிகளைக் கவனிக்கும் குகன் அவளுடைய வகுப்புத்தோழன். “குடுத்தர்லாம். ஆனா மெஷின் சத்தத்துல என்ன கேக்கும்?”

“நம்ம நிகழ்ச்சி நேரத்துலதான் அவங்களுக்கு டீ பிரேக். அப்ப மெஷின் ஓடாது” என்று சொல்லும்போதே அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டாள்.

கம்பெனி வாசலில் மேனேஜர் வேலுமணி அவளை ஏற இறங்கப் பார்த்தார். “ஏங்கண்ணு, ஷிப்மெண்ட் நேரத்துல வந்து பாட்டுங்கறயே.”

“எல்லாரும் டீ குடிக்கற நேரம் மட்டும் போதுங்க சார். வேலைக்கு எடஞ்சலே வராதுங்க.”

“பாட்டுல கம்பெனியத் திட்டி ஒண்ணும் வராதே?”

“வேலையப் பத்தி வருமுங்க. திட்டு வராதுங்க.”

அவர் சிரித்துவிட்டார். “சரி, போ. டீ முடிஞ்சு பெல் அடிச்சா மெஷின் ஓடோணும். அதுக்குமேல நான் ஒரு சாக்கும் கேக்க மாட்டேன்.”

உள்ளே போனால் இன்னொரு சிக்கல். பிகாஷின் அறைத்தோழன் டோலக்கை நேராகக் கல்லூரிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டான். “டோலக் வந்துருச்சு, ஆளைத்தான் காணோம்” என்று போனில் குகன் சிரித்தான். பிகாஷ் சுற்றுமுற்றும் பார்த்தான். பேக்கிங் முடிந்த அட்டைப்பெட்டியைத் தட்டினான், தொம்மென்றது. காலிப்பெட்டியைத் தட்டினான், டக்கென்றது. இரண்டையும் இழுத்துப்போட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டான்.

அனுசுயாதான் தயங்கினாள். “நம்ம தையல் லைன் ஆளுக முன்னாடியா பாடணும்? நாலு செவுத்துக்குள்ளன்னுதான சொன்னீக.”

“அக்கா, யாரையும் பாக்க வேண்டாம். இந்தப் போனை மட்டும் பாருங்க.”

டீ பெல் அடித்தது. மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. காதில் மாட்டியிருந்த இயர்போனில் குகன், “வினி, லைவ்ல இருக்க” என்றான். வினிதா குழுவை அறிமுகப்படுத்திவிட்டுப் போனை நீட்டினாள். முனீஸ் காலையிலேயே கையோடு கொண்டுவந்திருந்த கிடாரை மீட்டினான். அனுசுயா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

*நாந் தச்ச சட்டை பனிநாட்டில் நடக்குது*
*நானிங்க வெயிலோடு நிக்கிறேன்*
*ஊசி போகும் பாதையெல்லாம்*
*ஊரைப் பார்த்து வைக்கிறேன்*

டீ டம்ளரோடு ஆட்கள் கூடிவிட்டார்கள். யாரோ ஒருவர் தன் போனில் ரேடியோவைப் போட, அதே குரல் அதிலிருந்தும் வந்தது. “வருது, வருது” என்று கிசுகிசுத்தார்கள். சத்தம் ஒன்றோடொன்று மோதிக் கிறீச்சிட்டுவிடுமே என்று பதறி, அதை அணைக்கச் சொல்லி வினிதா சைகை காட்டினாள். இரண்டாம்முறை முதல் வரி வந்தபோது பின்னாலிருந்து நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் மொத்த லைனும் பாடியது. அனுசுயா கண்ணைத் திறந்தாள். அவள் குரல் ஒரு கட்டை மேலே ஏறியது. வினிதா போனை உயர்த்திப் பிடித்தாள்.

கடைசிச் சரணம் பாதியில் இருக்கும்போது பெல் அடித்துவிட்டது.

பெண்கள் பாடிக்கொண்டே இருக்கைக்குப் போனார்கள். ஒரு மெஷின் ஓடத் தொடங்கியது, அடுத்து இன்னொன்று. “கட் பண்ணட்டுமா?” என்றான் குகன்.

“வேண்டாம், விடு.”

பிகாஷ் காதைச் சாய்த்துக் கேட்டு, மெஷின்களின் ஓட்டத்துக்கு ஏற்ப அடியை வேகமாக்கினான். அந்த இரைச்சலுக்குமேல் அனுசுயா கடைசி வரியைப் பாடி முடித்தாள். முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் மெஷினுக்கு ஓடினாள். வேலுமணி முனீஸின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

வினிதா வாசலுக்கு வந்ததும் நிர்மலா மேடமே லைனில் வந்தார்.

“வினிதா, போன் நிக்கவே மாட்டேங்குது. ஒருத்தர்கூட சினிமாப் பாட்டு கேக்கலை. அனுப்பர்பாளையத்துல ஒரு பாத்திரப் பட்டறையிலிருந்து பேசினாங்க. அங்கயும் ரெண்டு பேரு சொந்தமாப் பாட்டுக் கட்டிப் பாடுவாங்களாம். எப்ப வர்றீங்கன்னு கேட்டாங்க. வர்ற சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன்.”

“மேடம், அங்க சுத்தியல் சத்தம் இதைவிடப் பலமா இருக்குமுங்களே.”

“இருக்கட்டும்” என்றார் நிர்மலா மேடம். “நல்லாத்தான் இருக்கும்.”