முதுநகருக்கு இறங்கி வந்த மலைப்பாதை

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை ஒன்று அந்த ஐப்பசியில் அடிவாரத்தோடு நிற்காமல் சமவெளிக்குள் நுழைந்து, ஒரு வியாழக்கிழமை மங்கலம்பேட்டை பஸ் நிறுத்தத்துக்குப் பின்பக்கம் வந்து சேர்ந்தது. அன்று அங்கே தக்காளி விலை கொஞ்சம் இறங்கியிருந்தது. பாதையோடு மூங்கில் புதரும் பாறையும் பனியும் வந்தன. மேய்ந்தபடியே அதற்குள் போன ஆடுகள் காலில் அட்டையோடு திரும்பின. டீக்கடைக்காரர் குளிரைப் பார்த்துவிட்டு மதியத்திலேயே சுக்குக் காபி போட ஆரம்பித்தார். பாதை ரோட்டைக் குறுக்கே கடந்த இடத்தில் லாரிகள் முதல் கியருக்கு வந்து முனகிக்கொண்டு ஏறின. அளந்து பார்த்த அதிகாரிகள் ரோடு மட்டமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கியபடியே ஜீப்புக்குத் திரும்பினார்கள். அது எங்கே போகிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடலூர் முதுநகரில் இருந்த ஆரோக்கிய அனிதாவுக்குத் தெரியும். அது அவள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

கடலூர், சிதம்பரம் பக்கத்து ஜனங்கள் பிறந்ததிலிருந்து ரயில்வே மேம்பாலத்தைத் தவிர வேறு ஏற்றம் பார்த்ததில்லை. அதனாலேயோ என்னவோ அவர்களில் சிலருக்கு மலை என்றால் கிறுக்கு. சிதம்பரம் கீழவீதியில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் சபாபதி அப்படி ஒரு கிறுக்கர். மாதம் ஒருமுறை வேன் பிடித்து ஆட்களைக் கல்வராயனுக்குக் கூட்டிப் போவார். அனிதாவின் கணவன் சார்லஸ், படகு எஞ்சின் மெக்கானிக், அந்தக் குழுவில் கடைசி ஆள். யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வருவது அவன் வேலை. அவர்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஏறுவதற்கு முன் அடிவாரத்துப் பாறையில் ஆளுக்கொரு கிளிஞ்சல் வைப்பார்கள். இறங்கியதும் அவரவர் கிளிஞ்சலை அவரவர் எடுத்துக்கொள்வார்கள். பாறையில் கிளிஞ்சல் மிச்சமிருந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். மலைக்காரர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு, மலைக்கும் அது புரிந்துவிட்டது என்று அவர்களே சொன்னார்கள்.

சார்லஸ் மலையில் காணாமல்போன அன்று அனிதாவும் போயிருந்தாள். இறங்கும்போது யாரோ விட்டுவிட்டு வந்த டிபன் கேரியரை எடுக்க சார்லஸ் திரும்பிப் போனான். "நீங்க முன்ன போங்க, தோ பின்னாலயே வரேன்" என்றான். அடிவாரத்துக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது, வேன்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். அனிதா தன் கிளிஞ்சலை எடுத்தாள். கல்யாண மண்டப வாசலில் தன் செருப்போடு புருஷன் செருப்பையும் சேர்த்து எடுத்து வைக்கிற பெண்களைப்போல, சார்லஸின் கிளிஞ்சலையும் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் மலையைப் பொறுத்தவரை சார்லஸ் அந்த நிமிஷமே இறங்கிவிட்டான். மேலே நின்ற சார்லஸுக்கோ முகத்தில் காற்று அடித்தது. மதியத்துக்கு மேல் காற்று வந்தால் அது கடல் காற்று, அந்தப் பக்கம் கிழக்கு என்பது முதுநகர்க்காரனின் ரத்தத்தில் ஊறியது. மலையில் காற்றுக்கு அந்த நாணயமெல்லாம் கிடையாது. அவன் மேற்கே இறங்கினான். இருட்டும்வரை காத்திருந்தும் அவன் அடிவாரத்துக்கு வரவில்லை. தேடப்போனவர்கள் மலை முழுக்கச் சலித்தும், அவன் நடந்த பாதை அங்கே இல்லை. அது கிளிஞ்சலைத் தேடிக் கிளம்பியிருந்தது.

முதல் சில நாட்கள் சார்லஸின் போன் வேலை செய்தது. நாளுக்கு ஒருமுறை சிக்னல் கிடைக்கும். காட்டு நெல்லியும் ஊற்றுத் தண்ணீரும் இருக்கிறது, உயிருக்கு ஒன்றுமில்லை என்றான். "ஆனா இந்த வழி சரியில்ல அனிதா. நல்லாத்தான் எறங்குது. காலையில எட்டு மணியானா போதும், திடீர்னு ஏறுது. சாயங்காலமும் அப்படித்தான்" என்றான். அனிதா சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள்; காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவாள். அழுதுகொண்டேதான் வேலைக்குப் போனாள், போகாமல் முடியாது. சபாபதியிடம் இதைச் சொன்னபோது அவர் சட்டென்று கேட்டார், "அவன் கிளிஞ்சல் எங்கம்மா?" அவள் கைப்பையைத் திறந்து பார்த்தாள். இரண்டு கிளிஞ்சலும் உள்ளேயே கிடந்தன. அவன் இறங்க இறங்க அவள்தான் பாதையின் முடிவைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்கும் முதுநகருக்கும் அலைந்திருக்கிறாள். மறுநாள் போன் வந்தபோது சோதித்தும் பார்த்தார்கள். கிளிஞ்சலைக் கூடத்திலிருந்து சமையல்கட்டுக்குக் கொண்டுபோனாள். "ஐயோ, ஏறுது" என்றான் சார்லஸ். பின்கட்டு வாசல்படிக்கருகே தரையில் வைத்தாள். "நின்னுடுச்சு" என்றான். அடிவாரத்துக்கே திருப்பிக் கொண்டுபோகலாம் என்ற பேச்சு அதோடு முடிந்தது. அங்கே போய்ச் சேருவதற்குள் அவனை எந்த உச்சிக்கு ஏற்றிவிடுமோ! கிளிஞ்சல் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கடுத்த நாள் போன் செத்துப்போனது.

பாதை மட்டும் வந்துகொண்டிருந்தது. மங்கலம்பேட்டையைத் தாண்டி முந்திரித் தோப்புகளுக்குள் புகுந்தது, குறிஞ்சிப்பாடியில் ஒரு செங்கல் சூளையை மலைமேட்டில் ஏற்றி வைத்தது. சபாபதி ஒவ்வொரு ஊராகப் போய் அதற்குள் ஏறிப் பார்த்தார். சிறிது தூரம் போனதும் ஏறிய இடத்துக்கே வந்து நின்றார். முடிவு எட்டாத பாதையில் யாரும் ஏற முடியாதாம். அனிதாவுக்குத் தூக்கம் போயிற்று. பாதை வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பாதையில் ஆள் வருகிறானா என்பதைச் சொல்லத்தான் ஒருவருமில்லை. வேலையை விட்டாள். கிளிஞ்சலைச் சுற்றிச் செங்கல் அடுக்கினாள், பூனையை விரட்டினாள், தொலைந்ததைத் தேடித் தரும் கோடி அற்புதர் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

கார்த்திகையில் புயல் வந்தது. முதுநகருக்குத் தண்ணீர் வருவது புதிதல்ல, கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துவது அங்கே பண்டிகைக்கு வெள்ளையடிப்பதைப்போல. இந்த முறை கட்டிலும் மூழ்கியது. பகல் மூன்று மணிக்குப் படகு வந்தபோது தெருவில் எல்லோரும் ஏறிவிட்டார்கள். அனிதா பின்கட்டில் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, உள்ளங்கையால் கிளிஞ்சலைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தாள். செங்கலெல்லாம் எப்போதோ போய்விட்டது. கையை எடுத்தால் கிளிஞ்சல் ஆற்றுக்கும் ஆற்றிலிருந்து கடலுக்கும் போகும், பாதையும் பின்னாலேயே போகும்.

பக்கத்து வீட்டு ரோசி படகிலிருந்து கத்தினாள். "ஏ அனிதா, வாடி! உசுரவிட அந்தக் கிளிஞ்சலா பெரிசு? கையில எடுத்துக்கினு வா!"

"முடியாதுக்கா. அவரு எறங்கிக்கினு இருக்காரு. இப்பத் தூக்கினா மறுபடி ஏறணும். அவருக்கு முழங்காலு தாங்காது."

"அவரு வராருன்னு நீ கண்டியா?"

அனிதா கிளிஞ்சலை இன்னும் அழுத்திப் பிடித்தாள். அந்தக் கேள்வியைத்தான் அவள் இத்தனை நாளும் யாரையும் கேட்கவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படகுக்காரர் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் தோளுக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது. கை மரத்துப்போய், அடியில் கிளிஞ்சல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனது. தாடையை உயர்த்தி மூச்சு விட்டாள். அப்போதும் கையை எடுக்கவில்லை.

முதலில் குளிர் வந்தது. பிறகு ஈர இலை வாசனை. கொல்லைப்புறச் சுவர் இருந்த இடத்தில் பாறை மெல்ல மேலெழும்பி, பின்கட்டுத் தரையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. தண்ணீர் சாய்வைக் கண்டுகொண்டு தெருப்பக்கம் ஓடியது. மூங்கிலுக்கு நடுவே பாதை வாசல்படியைத் தொட்டு நின்றது. பனிக்குள் ஒன்றும் தெரியவில்லை. அனிதா கையை அழுத்திய நிலையிலேயே மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் டிபன் கேரியர் ஒன்று பாறையில் இடிக்கும் சத்தம் கேட்டது.

தாடியும் கிழிந்த சட்டையுமாக இறங்கி வந்த சார்லஸ் அவளைப் பார்த்துத் திகைத்தான். "ஏன் இப்படி ஈரத்துல குந்திக்கினு கிடக்கிற?" என்றான். அவள் கையை எடுக்கவில்லை. "உங்களுது. நீங்களே எடுங்க" என்றாள். அவன் குனிந்து, மரக்கட்டையாய் விறைத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் தன் கிளிஞ்சலை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அவள் ஓவென்று அழுதாள்.

பாதை திரும்பிப் போகவில்லை. இப்போது சபாபதிக்கு வேன் செலவு இல்லை. சிதம்பரத்திலிருந்து காலை ரயிலில் வருகிற கூட்டம் முதுநகரில் இறங்கி, சார்லஸ் வீட்டுப் பின்கட்டு வழியாகக் கல்வராயனுக்கு ஏறுகிறது. சித்திரை வெயிலில் தெருவுக்கே குளிர்ந்த காற்று வருவதால் மின்விசிறி விற்பனை குறைந்திருக்கிறது. அட்டைக்கு வீட்டுக்கு வீடு உப்பு வைத்திருக்கிறார்கள். வாசல்படியில் எப்போதும் பத்துப்பதினைந்து கிளிஞ்சல் இருக்கும். சில ஒரே நாளில் போய்விடும், சில வாரக்கணக்கில் கிடக்கும். அனிதா தினமும் காலையில் அவற்றைச் சுற்றித்தான் பெருக்குகிறாள். சார்லஸ் மேலே போயிருக்கிற நாட்களில், அவன் கிளிஞ்சல் இருக்கும் பக்கம் துடைப்பத்தைக்கூடக் கொண்டுபோவதில்லை.