கண்ணாடி மச்சானும் இரட்டை டிஸ்க்கும்

இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. என் கண்ணின் மேல் சத்தியம். கண்புரை எடுத்துவிட்டு உள்ளே வைத்த புது லென்ஸின் மேல் தனியாக இன்னொரு சத்தியம். அப்படியும் சந்தேகம் தீராதவர்கள் என் மனைவியின் அண்ணனைக் கேட்டுக்கொள்ளலாம். என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று வைராக்கியமாக இருப்பவர். அவரைவிட நேர்மையான சாட்சி எனக்கு வாய்க்காது.

அவர் கண்ணாடி வியாபாரி. ஜன்னல் கண்ணாடி, கதவுக் கண்ணாடி, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாம் விற்பார். நான் அவரைக் கூப்பிடுவது மச்சான் என்று; முதுகுக்குப் பின்னால் கண்ணாடி மச்சான். நான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் ஒரு பேச்சிலும் நான் ஜெயித்ததில்லை. லிஃப்டைப் பற்றிப் பேசினாலும் அவர் கைதான் ஓங்கும். "நீங்க வெளியே நின்னு ஸ்க்ரூ முடுக்கினவரு மாப்ள. நான் உள்ளே மாட்டிக்கிட்டு நின்னவன். அனுபவம் யாருக்கு ஜாஸ்தி?" என்பார். அதற்குள் மாட்டியவரை வெளியே எடுத்தவன் நான்தான் என்பது அந்த விவாதத்தில் எடுபடவே இல்லை.

அப்புறம் அவர் புது ஷோரூம் திறந்தார். வந்தவர்கள் முன்னால் நின்று, "எங்க கண்ணாடி அவ்வளவு சுத்தம். அது இருக்குன்னே உங்களுக்குத் தெரியாது!" என்று முழங்கிவிட்டு, கம்பீரமாகத் திரும்பி, மூடியிருந்த கண்ணாடிக் கதவுக்குள் நேராக நடந்தார். சத்தத்தில் பக்கத்துக் கடையில் கல்லாப் பெட்டி தானாகத் திறந்துகொண்டது. அவர் மீசை கதவில் அப்படியே அச்சாகிவிட்டது. நாலு பேர் மாற்றி மாற்றித் துடைத்தும் போகாமல், கடைசியில் மீசையோடு சேர்த்தே அந்தக் கதவை விற்றார்கள். வாங்கியவர் முடிதிருத்தும் கடைக்காரர்.

இதெல்லாம் என் போனில் வீடியோவாகப் பதிந்திருந்தது. யாருக்கும் அனுப்பவில்லை. ஊரெல்லாம் பரவிய சமாசாரத்துக்கு என்ன மதிப்பு? வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நானே கையில் பிடித்துக் காட்டுவேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு நிம்மதி வந்தது. மச்சான் "நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தால் போதும், சட்டைப் பையிலிருந்து போனைப் பாதி வெளியே எடுப்பேன். "சரி, சாப்பிடுவோம்," என்று அவர் அடங்கிவிடுவார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் அது.

போனுக்கு வயதாகியது. இடம் நிரம்பி, பேட்டரி உப்பி, சட்டைப் பையில் வைத்தால் குழந்தை தூங்குவதுபோல் சூடு. வெளியூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகளிடம் யோசனை கேட்டேன்.

"க்ளவுட்ல ஏத்திருங்கப்பா. முடிஞ்சது வேலை."

"முன்னபின்ன தெரியாதவன் மெஷின்ல உன் மாமாவை எதுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கணும்? எது வச்சாலும் நம்ம வீட்டுக்குள்ளதான்."

"அப்போ வீட்டுலயே ஒரு சர்வர் கட்டுங்க. நான் சொல்லித் தர்றேன். சொன்னதை மட்டும் செய்யுங்க."

கடைசி வாக்கியம் மட்டும் என் காதில் சரியாக விழவில்லை.

பழைய கம்ப்யூட்டர் கடையில் ஒரு பெட்டி வாங்கினேன். ஏதோ அலுவலகத்தில் கழித்துக்கட்டியது. சின்ன பீரோ அளவு. அதற்குள் இரண்டு புது டிஸ்க்குகளைப் பொருத்தி, வீட்டு நெட்டோடு ஒரு கேபிள் இழுத்தேன். யார் போனிலிருந்தும், டிவியிலிருந்தும் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். வைக்க இடம் செருப்பு அலமாரியின் மேல்தட்டில்தான் கிடைத்தது. சூடாகக் கூடாது என்று ஆறு ஃபேன் மாட்டினேன். முதல் தடவை சுவிட்சைப் போட்டதும் அலமாரிக் கதவு படாரென்று திறந்து, குடும்பத்தின் மொத்தச் செருப்பு வாசனையும் ஹாலைத் தாண்டி, எதிர்வீட்டு ஜன்னல் திரையைத் தூக்கியது. எதிர்வீட்டுக்காரர்கள் அன்றைக்கே வீடு மாற்றுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

"என்னங்க, செருப்பெல்லாம் எங்கே?" என்றாள் மனைவி.

"பால்கனியில."

"உங்க மெஷினு அலமாரியில, நம்ம செருப்பு பால்கனியிலயா? நாளைக்கு நான் எங்கே?"

"உனக்கு ரெண்டாவது மாடியில இடம் ஒதுக்கியிருக்கேன்."

கேலி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கு லிஃப்ட் ஒழுங்கு. சர்வரையும் அப்படித்தான் பிரித்தேன். தரைத்தளத்தில் பில்கள், முதல் மாடியில் போட்டோக்கள், இரண்டாவது மாடியில் வீடியோக்கள். உடைத்துப் போட்ட ஒரு லிஃப்டின் குரல் பலகை என்னிடம் இருந்தது, அதையும் இணைத்துவிட்டேன். யாராவது வீடியோ திறந்தால் அலமாரிக்குள்ளிருந்து டிங் என்று மணியடித்து, ஒரு பெண்குரல் "இரண்டாவது தளம்" என்னும். மூடினால் "கதவு மூடுகிறது, கவனம்". கீழ்வீட்டு அம்மாள் எங்கள் வீட்டில் லிஃப்ட் வந்துவிட்டது என்று நம்பி, பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நின்றார். நாங்கள் இருப்பதே கடைசி மாடி என்று புரியவைத்து அனுப்பப் பெரும்பாடு பட்டேன்.

இரண்டு டிஸ்க் எதற்கு என்று கேட்பீர்கள். ஒன்றில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் எழுதப்படும். மகள் அதை மிரர் என்றாள். லிஃப்ட் பெட்டிக்கு மறுபக்கம் தொங்கும் எடை மாதிரி என்று நான் பிடித்துக்கொண்டேன். ஒன்று போனாலும் ஒன்று தாங்கும். இனி மச்சானை யாராலும் அழிக்க முடியாது.

மகள் போனில் இரண்டு விஷயம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"அப்பா, எல்லாருக்கும் அழிக்கிற அனுமதி குடுக்காதீங்க."

"லிஃப்ட்ல ஏறினவங்க எந்தப் பட்டனை வேணா அழுத்தலாம்மா. நீ அழுத்தலாம், நீ அழுத்தக் கூடாதுன்னா அவமானம்."

"சரி, அந்தக் குப்பைத்தொட்டியையாவது ஆன் பண்ணி வைங்க. தப்பா அழிச்சா அதுல போய் விழும், திரும்ப எடுத்துக்கலாம்."

"லிஃப்டுக்குள்ள குப்பைத்தொட்டி வைக்கக் கூடாது. முதல் விதியே அதான்."

"அப்பா, இது லிஃப்ட் இல்லப்பா!"

குப்பைத்தொட்டியை அணைத்துவிட்டேன். வீடியோவைச் சர்வரில் ஏற்றி, டிங் சத்தம் கேட்டதும், போனிலிருந்து அழித்தேன். போன் பெருமூச்சு விட்டு மெலிந்தது.

அடுத்த விடுமுறை நாளில் மச்சான் வந்தார். வந்ததும் வராததுமாக, "மாப்ள, உங்க மெஷினைப் பத்தி ஊரே பேசுதே! பேத்தி போட்டோவை நானும் அதுல போட்டுவைக்கட்டுமா?" என்றார். அத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ்வேர்டை நானே அவர் போனில் அடித்துக் கொடுத்தேன். சோபாவில் சாய்ந்து நோண்டிக்கொண்டிருந்தார். அலமாரி "முதல் தளம்" என்றது. சற்றுப் பொறுத்து "இரண்டாவது தளம்" என்றது. பேத்தி வீடியோவும் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட உட்கார்ந்தோம்.

"நான் என்ன சொல்றேன்னா," என்றார் மச்சான், "இந்த மாப்ளைக்கு அந்தக் காலத்துலேர்ந்தே..."

பையில் கைவிட வேண்டிய காலம் போய்விட்டது. இப்போது என்னிடம் டிவி இருக்கிறது. ரிமோட்டை எடுத்து ஒரு அரசனைப்போல அழுத்தினேன். டிங். இரண்டாவது தளம். உள்ளே மனைவி செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வீடியோ இருந்தது. மகள் சைக்கிளிலிருந்து விழும் வீடியோ இருந்தது. மச்சான் இல்லை.

"தேடுங்க, தேடுங்க," என்றார் அவர். "நான் பேசிட்டிருக்கேன்."

பேசினார். சாப்பாடு ஆறியது, ஐஸ்க்ரீம் உருகியது, அவர் பேசினார். நான் நைசாக எழுந்துபோய் மகளைக் கூப்பிட்டேன். பதற்றத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன்.

"ஒரு டிஸ்க்ல காணோம்மா. இன்னொரு டிஸ்க்லேர்ந்து எப்படி எடுக்கிறது?"

"அதுலயும் இருக்காதுப்பா. டிஸ்க் கெட்டுப்போனாதான் இன்னொண்ணு காப்பாத்தும். யாராவது அழிச்சா ரெண்டுலயும் ஒண்ணா அழியும். மிரர் வேற, பேக்கப் வேறன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

மேஜையிலிருந்து மச்சான் குரல் வந்தது. "கண்ணாடி விஷயத்துல என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா மாப்ள? கண்ணாடி முன்னால நின்னு நீங்க மீசையை எடுத்தா, உள்ளே இருக்கிறவனுக்கு மட்டும் மீசை இருக்குமா?"

இதைவிடத் தெளிவாக எந்த நிபுணராலும் விளக்க முடியாது. அவர்தான் அழித்தார் என்பதற்கும் வேறு சாட்சி தேவைப்படவில்லை. மனைவி மட்டும், "அண்ணா, நீ செஞ்சது அநியாயம்," என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அதன் பிறகு நான் சாப்பாட்டு மேஜையில் தலைநிமிர்ந்து உட்காரவில்லை. சர்வரைக் கழற்றிச் செருப்பைத் திரும்பக் கொண்டுவரலாமா என்றுகூட யோசித்தேன். அப்படி யோசித்துக்கொண்டிருந்தபோது மச்சானே ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"மாப்ள, அந்த வீடியோ வேற எங்கேயாவது இருக்கா?"

"எதுக்கு?"

"பெரிய ஓட்டல் கட்டுற கான்ட்ராக்டர் ஒருத்தர். உங்க வீட்டுல வீடியோவைப் பார்த்த யாரோ அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. 'வியாபாரியே ஏமாந்துபோன கண்ணாடியாமே! வீடியோவைக் காட்டுங்க, ஓட்டல் முழுக்க உங்க கண்ணாடிதான்'ங்கறார். நாளைக்கு வர்றார்."

"கண்ணாடிக்குள்ள இருக்கிறவன்கிட்ட கேட்டுப் பாருங்களேன். அவனுக்கு மீசை இருக்கான்னு."

"காலமெல்லாம் குத்திக்காட்டுங்க மாப்ள. இப்போ ஒரு வழி சொல்லுங்க."

ஒரே வழிதான். மறுபடியும் முட்ட வேண்டும். அன்று சாயங்காலமே மூவரும் ஷோரூமுக்குப் போனோம். கடைப் பையன்கள் இரட்டைக் கதவைத் துடைத்துத் துடைத்து, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கதவுக்கே தெரியாத அளவுக்கு ஆக்கியிருந்தார்கள். மனைவி போனைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சான் முழங்கினார், திரும்பினார், நடந்தார். கதவுக்கு ஒரு சாண் முன்னால் பிரேக் போட்டார். மறுபடி நடந்தார், கை தானாக மூக்கைப் பொத்தியது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். பூந்தொட்டியில் போய் முட்டினார்.

"அண்ணா, முகத்துல ஒரு நம்பிக்கை வேணாமா?" என்றாள் மனைவி.

"தெரிஞ்சே எப்படிம்மா முட்டுறது?"

எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ணாடி விக்கிறவருக்கு நடக்கத் தெரியல! தள்ளுங்க. இப்படி நிக்கணும். எங்க கண்ணாடி இருக்குன்னே தெரியாதுன்னு சொல்லிட்டு, இப்படித் திரும்பி, இப்படிக் கம்பீரமா..."

நான் நடந்தது திறந்திருந்த பக்கம் என்று இன்றும் சாதிப்பேன். சத்தத்தில் பக்கத்துக் கடைக் கல்லாப் பெட்டி இரண்டாவது தடவையாகத் திறந்துகொண்டது. மூக்கு, நெற்றி, புது லென்ஸ் வைத்த கண்ணின் இமை உள்பட அத்தனையும் கதவில் அச்சாகிவிட்டது.

"நல்லா வந்திருக்குங்க," என்றாள் மனைவி. "வெளிச்சம்கூடப் பிரமாதம்."

கான்ட்ராக்டர் பார்த்தார். நாற்காலியிலிருந்து விழுந்து எழுந்து ஆர்டர் கொடுத்தார். மச்சான் வீடியோவை என் சர்வரில் ஒரு காப்பி, கடையில் ஒரு காப்பி, வெளியூரில் மகளிடம் ஒரு காப்பி என்று போட்டுவைத்தார். "இதுக்குப் பேருதான் மாப்ள பேக்கப்," என்று எனக்கு விளக்கம் வேறு. மகளும் அங்கிருந்தபடியே என் சர்வரைத் திருத்திவிட்டாள். குப்பைத்தொட்டி வந்துவிட்டது. அழிக்கும் அனுமதி மனைவிக்கு மட்டும். நானே கட்டிய லிஃப்டில் எனக்கு ஒரு பட்டன் வேலை செய்யாது. அந்த வீடியோவை அழித்துவிடு என்று எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டேன். "வெளிச்சம் பிரமாதமா இருக்குங்க," என்றே பதில் வருகிறது.

இப்போதெல்லாம் சாப்பாட்டு மேஜையில் நான் "என்ன சொல்றேன்னா" என்று வாயெடுத்தால், மச்சான் சட்டைப் பையிலிருந்து போனைப் பாதி வெளியே எடுக்கிறார்.

"சரி, சாப்பிடுவோம்," என்கிறேன் நான்.

சாட்சி கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு, விட்டுப்போன விவரம் ஒன்று: என் மனைவி அவர்கள் வீட்டுக்கு ஒரே பிள்ளை, கூடப் பிறந்தவர் யாரும் கிடையாது.