சடையன் சிரித்த காட்சி

வெள்ளிமலை பஸ்ஸிலிருந்து இறங்கிய அந்தப் பெண் எங்கள் தெருமுனையில் நின்று, "டைரக்டரு வூடு எதுங்க?" என்று கேட்டபோது, குழாயடியில் நின்ற நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கச்சிராயபாளையத்தில் வக்கீல் உண்டு, ஜோசியர் உண்டு, டைரக்டர் ஏது? பிறகு எனக்குத்தான் பொறி தட்டியது.

"வீடியோக்கார இளஞ்செழியனையா கேக்கற?"

"எங்களுக்கு டைரக்டருதாங்க."

நானே கூட்டிக்கொண்டு போனேன். வழிகாட்டுவது புண்ணியம், உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்வது அதற்கான கூலி.

இளஞ்செழியன் எங்கள் எதிர்வீட்டுப் பிள்ளை. இன்ஜினியரிங் முடித்துவிட்டுச் சென்னைக்குப் போனவன், காதோரம் நரைக்கும்வரை யார் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்தான். கடைசியில் அப்பா நாராயணசாமியின் கரும்புக் கொல்லையை விற்று, கல்வராயன் மலையில் சொந்தமாக ஒரு படம் எடுத்தான். மலை ஜனங்களே நடிகர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவரைப் பிணமாகத் திரும்ப மலைக்குத் தூக்கி வருகிற கதை. பாட்டு இல்லை, சண்டை இல்லை, பேச்சும் கம்மி. ஏதோ குளிர் தேசத்தில் திரையிட்டபோது எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம். குளிருக்கு எழுந்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். தெரு முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்கள். தியேட்டர்காரர் ஒருத்தரும் படத்தை வாங்கவில்லை. இங்கே கல்யாண மண்டபத்தில் ஒருதரம் போட்டுக் காட்டினான். மிக்சர் தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. இரண்டாவது கதையைத் தூக்கிக்கொண்டு தயாரிப்பாளர்கள் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கியவன், அப்பா போன பிறகு அலைவதை விட்டுவிட்டான். இப்போது கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. கோமுகி அணைக்கரையில் மணப்பெண்ணை மெதுவாக நடக்கவிட்டு, "வானத்தப் பாரும்மா" என்பான். ஒரு மாப்பிள்ளை பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கல்யாணங்க, கொஞ்சம் சந்தோசமா எடுங்க" என்றானாம்.

நாங்கள் போனபோது காதில் மாட்டிய ஹெட்போனோடு யாரோ தாலி கட்டும் வீடியோவைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தான். வந்தவளைப் பார்த்ததும் சட்டென்று எழுந்தான்.

"சின்னப்பொண்ணக்கா! வாங்க வாங்க. சடையண்ணன் வரலியா?"

வரும் வழியிலேயே நான் கேட்டு வாங்கிவிட்ட சேதி அவனுக்கு இன்னும் எட்டவில்லை.

"தை மாசம் போய்ட்டாரு தம்பி. நெஞ்ச அடைக்குதுன்னாரு. ஜீப்புல ஏத்திக்கினு பாதி மலை எறங்கல, அதுக்குள்ள ஆயிடுச்சி."

அவன் உட்கார்ந்துவிட்டான். அந்தப் படத்தில் பிணமாகப் படுத்தவர் அவள் புருஷன் சடையன்தான். பேசாத, அசையாத அந்த வேஷத்துக்கு அவரைத்தான் பொறுக்கி எடுத்தான். படப்பிடிப்பு நடந்த நாளெல்லாம் படக்காரர்கள் எல்லோருக்கும் சோறாக்கிப் போட்டவள் சின்னப்பொண்ணு.

"செத்தவனா நடிச்சாரு, அதான் செத்தாருன்னு எங்க ஜனமே பேசுது தம்பி. நான் வுடறதில்ல. முடிச்சதும் எழுந்து ஒக்காந்து கேமராவப் பாத்து சிரிச்சாரே, அதோட கழிஞ்சிபோச்சின்னு சொல்லிக்கினு கீறன். அந்தச் சிரிப்ப ஒருதரம் காட்டுங்க. ஆதாருல கீறது அவரு மூஞ்சியே இல்ல."

சினிமாவில் அப்படி ஒரு வழக்கம் உண்டாம். பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடித்த பிறகுதான் சாவு அவரை விட்டு விலகும்.

"டீ போடறன்" என்று உள்ளே போனான். சர்க்கரை டப்பா எங்கே என்று அவனுக்குத் தெரியாது என்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். அடுப்பைப் பற்றவைக்காமல் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"இன்னாடா?"

"கேமரா ஓடல அத்த."

"எப்ப?"

"அவரு சிரிச்சப்ப. ஊர்க்காரங்க விடாம கேட்டாங்க. எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் ஆவாது. கேமராமேனுக்குக் கண்ணக் காட்டிட்டு, சும்மா சிரிக்கச் சொன்னன். அவரு நெசமாவே சிரிச்சாரு. ரொம்ப நேரம் சிரிச்சிக்கினே இருந்தாரு."

"அதப் போய் அவகிட்ட சொல்லாத. டிஸ்க்கு கெட்டுப்போச்சின்னு சொல்லிடு" என்றேன். இந்தத் தெருவுக்கு நான் வாரி வழங்கிய யோசனைகளில் அதுதான் உருப்படியானது. தலையாட்டினான்.

திரும்பி வந்து படத்தைப் போட்டான். பலாமரத்தடிக் கட்டிலில் சடையன் கிடந்தார். சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேமரா அசையவே இல்லை. மண்டபத்தில் நான் எழுந்து வீட்டுக்குக் கிளம்பியது இந்த இடத்தில்தான். இப்போது எழுந்திருக்க முடியவில்லை. காட்சி முடிந்து மலை வந்தது, மேகம் வந்தது.

"இதுக்கப்புறம்தான சிரிப்பாரு" என்றாள்.

அவன் படத்தை நிறுத்தினான். "அது இல்லக்கா."

"அழிஞ்சிபோச்சா?"

பொய்யை அவளே எடுத்துக் கையில் கொடுக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, ஆமாம் என்று சொல்லச் சொல்லி நான் கண்ணால் கெஞ்சினேன்.

"அழியல. எடுக்கவே இல்ல. கேமரா ஓடாதப்ப அவர சிரிக்க வச்சிட்டன்."

கழற்றிப் போட்ட ஹெட்போனில் யாருடைய கல்யாணத்து நாதஸ்வரமோ கொசு போல ஒலித்துக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் போய்த் தோளைப் பிடித்திருப்பேன், அதற்கும் வழியில்லை.

"அப்ப அவங்க சொல்றது நெசந்தானா?"

சாமி கிடையாது, பேய் கிடையாது, சகுனம் கிடையாது என்று படிக்கிற காலத்திலிருந்து எங்களையெல்லாம் மடக்கியவன். இப்போது ஹெட்போன் வயரை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னொருதரம் போடு" என்றாள்.

போட்டான். இந்தமுறை நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கட்டில், பலாமரம், பெண்கள். திடீரென்று அவள் விரல் திரைக் கண்ணாடியைத் தொட்டது.

"மூச்சு வுடறாரு."

குனிந்து பார்த்தேன். வேட்டிக்கு மேலே, சடையனின் வயிறு கொஞ்சமாக ஏறியது, இறங்கியது. குளிர் தேசத்துக்காரர்கள் பார்த்தார்களோ என்னவோ. இந்தத் தெருவில் என் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் நடக்காது என்று பேர் வாங்கிய நானும் பார்த்ததில்லை.

"அடக்கி வைக்கச் சொன்னன். அவரால முடியல" என்றான் இளஞ்செழியன், தப்பு செய்தவன் போல.

"எங்க முடியும். அவருக்கு இழுப்பு இருந்துச்சே."

காட்சி முடிந்தது. அவள் கேட்கவில்லை, அவனே பின்னுக்கு இழுத்துத் திரும்பப் போட்டான். பிறகு மறுபடியும். அவளுடைய மூச்சும் திரையில் இருக்கிறவரின் மூச்சோடு சேர்ந்து ஏறத் தொடங்கியிருந்தது. மலை வரப்போகிற இடம் நெருங்கும்போதெல்லாம் அவன் விரல் முந்திக்கொண்டு பின்னுக்கு இழுத்தது. பலாமரத்தடியில் சடையன் கண்ணை மூடிக்கொண்டு, செத்தவர் போல, மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.