துருப்பிடிக்க விட்ட வண்டி

அந்தக் கைதான், நட்டின் முகங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, விரல் நுனியில் கிரீஸ் தொட்டு, மரையின் பள்ளங்களுக்குள் தடவிக்கொண்டிருக்கிற தெக்லாவின் கைதான் அருளப்பனுக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிறது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சேலையை மாற்றிக்கொண்டு முற்றத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள், எதிரே அவளுடைய முதல் கணவன் கஸ்பாரின் மோட்டார் சைக்கிள், கஸ்பார் கடலோடு போய் வருஷங்கள் ஆகிவிட்டன, வண்டி மட்டும் நேற்றுக் கடையிலிருந்து வந்ததுபோல நிற்கிறது, திரேஸ்புரத்துக் கடல் காற்றில் சன்னல் கம்பி பொரிந்து உதிர்கிறது, கதவுக் கீல் செம்பொடியாய்க் கொட்டுகிறது, இந்த வண்டியின் ஒரு போல்ட்டில்கூடத் துரு இல்லை, முதலில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுவாள், ஈரம் போகத் துடைப்பாள், போல்ட்டுகளைக் கழற்றி கிரீஸ் பூசி மறுபடி முடுக்குவாள், பிரேக் பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்வாள், பளபளக்கும் கைப்பிடிக் கம்பிக்கு வாசலின், வேலை பார்க்கிற ஐஸ் பிளான்ட்டின் உப்புத் தண்ணீரில் வெடித்துக் கிடக்கிற என் விரலுக்கு ஒருநாளாவது அதைத் தடவியிருக்கிறாளா என்று நினைத்துக்கொள்கிறான் அருளப்பன், அவனாகக் கேட்டதுமில்லை.

போன வருஷம்தான் அவளைக் கட்டிக்கொண்டு எட்டயபுரத்திலிருந்து இந்த வீட்டுக்குக் குடிவந்தான், கஸ்பார் படுத்த கட்டிலில் படுக்கிறான், கஸ்பார் அடித்த ஆணியில் சட்டையை மாட்டுகிறான், அதெல்லாம் பழகிவிட்டது, வண்டி மட்டும் பழகவில்லை, அவள் அதை ஓட்டுவதில்லை, அவனை ஓட்டச் சொல்வதுமில்லை, உதைத்துக் கிளப்பி, கொஞ்சநேரம் ஓடவிட்டு, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்கிறாள், அந்த முகத்தை அவன் வேறெப்போதும் பார்த்ததில்லை, செத்தவனோடு பேசுகிறாள் என்றே தோன்றும், விற்றுவிடலாமே என்று ஒருமுறை சொன்னான், கெடக்கட்டும் என்றாள்.

தெக்லா தன் தங்கையின் பிரசவத்துக்கு மணப்பாடு போனபோது, தண்ணி ஊத்தித் தொடச்சு தார்ப்பாய மூடி வைங்க, அது போதும் என்று சொல்லிவிட்டுப் போனாள், பஸ் கிளம்பியதும் வீட்டுக்கு வந்தான், தார்ப்பாயை உருவினான், மடித்துக் கட்டிலுக்கடியில் போட்டான், அவ்வளவுதான் செய்தது, மீதியைக் காற்று செய்தது, தூறலும் வந்தது, முதலில் செயின் கவர் போல்ட்டின் தலையில் தேமல் மாதிரி ஒரு மஞ்சள், பிறகு அது செம்மண் நிறமானது, ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகுமுன் குனிந்து பார்க்கிறான், கஸ்பாரின் முகத்திலேயே துரு ஏறுவதைப் பார்ப்பதுபோல ஒரு சந்தோஷம்.

இரண்டு மாதம் கழித்து அவள் திரும்பி வந்து பையைக்கூட உள்ளே வைக்காமல் வண்டி முன்னால் நின்றாள், அழுவாள் என்று காத்திருந்தான், அழுதால் தெரிந்துபோகும், யாருக்காக அழுகிறாள் என்று கேட்டுவிடலாம், அவளோ மண்ணெண்ணெயும் ஒயர் பிரஷ்ஷும் எடுத்துவந்து உட்கார்ந்தாள், தேய்த்தாள், ஊறவிட்டு ஸ்பேனரைப் போட்டாள், செயின் கவர் போல்ட் பாதியில் முறிந்து தலை மட்டும் கையோடு வந்தது, அதைப் பார்த்தபடியே கேட்டாள், தார்ப்பாய நீங்கதான எடுத்தீய. அவன் ஆமாம் என்றான், அவன இன்னும் இந்த முற்றத்துலயே வச்சிருக்க, நான் எங்க போவேன் என்றான்.

அவரையா, என்றாள் தெக்லா, நிமிர்ந்து பார்த்தாள், அவரு இருந்தவரைக்கும் இத நான் தொட்டதில்ல, தொட்டா கைய முறுக்குவாரு, அவரு போனப்புறம்தான் ஓட்டப் படிச்சேன், நாலு வருசம் இதுல மீன் கூடைய வச்சிக்கிட்டுப் பக்கத்துல இருக்க புதுக்கோட்டை வரைக்கும் போயி வித்தேன், ஒங்களுக்குப் பிடிக்காதோன்னு நிப்பாட்டிட்டேன்.

அவனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை, மனசில் கஸ்பார் இருந்த இடத்தில் இப்போது ஒரு பெண் தனியாக வண்டியோட்டிப் போகிறாள், அந்த நாலு வருஷத்துக்குள் நுழைய அவனுக்கு வழியில்லை, செத்தவன்மேல் இருந்ததைவிடக் கூர்மையான பொறாமை அவள்மேலேயே வந்தது, அவனிடம், லேத்துக் கடையில காட்டி உள்ள முறிஞ்சு நிக்குற இந்த மரையத் தோண்டி எடுக்கணும், வாறீயளா என்றாள்.

சேலையைச் செருகி வண்டியை உதைத்தாள், அவன் பின்னால் ஏறிக்கொண்டான், செயின் கவர் ஒரு பக்கம் தடதடக்க மார்க்கெட் வழியே போகிறார்கள், ஐஸ் உடைக்கிறவன் கையைத் தூக்குகிறான், கருவாட்டுக்காரி சிரிக்கிறாள், இத்தனை பேருக்குத் தெரிந்தவளை எனக்குத் தெரியவில்லையே என்று அருளப்பன் நினைத்துக்கொள்கிறான், ஒரு மீன்காரி குறுக்கே நின்று, ரொம்ப நாளா ஆளக் காணலியே தெக்லாக்கா, பின்னால யாரு என்கிறாள், வண்டி வேகம் குறைகிறது, எங்க வீட்டுக்காரரு, என்கிறாள் தெக்லா, திரும்பிப் பார்க்காமல், நாளையிலேருந்து யாவாரத்துக்கு வருவேன், எனக்கும் ஒரு கூடை எடுத்து வை.